தபலாவுக்கு ஆறடி தள்ளி

அப்பா மூன்று வருடமாகப் பாட்டு கேட்பதில்லை. வைராக்கியம் எதுவும் இல்லை. கேட்டால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ரேடியோவைத் திருப்புகிறவர் அவர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த காலம் முழுவதும் சாயங்காலமானால் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து அரை மணி நேரமாவது வாசித்தவர். அவர்தான் ஒருநாள் டிவியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொன்னார். "தகர டப்பாவுல கல்லைப் போட்டு உலுக்குற மாதிரி இருக்கும்மா" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் பாட்டு தானாகவே குறைந்துபோனது. நானும் இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்கப் பழகிவிட்டேன். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஒரு மாதிரி ஆகிறது.

போன சனிக்கிழமை அவரை எங்கள் மனமகிழ் மன்றத்தின் மெல்லிசை இரவுக்கு அழைத்துப் போனேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவருடைய காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் அந்த இரவைச் சொல்ல முடியாது.

காது பரிசோதனை செய்தால் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். இடப்பக்கம் தாழ்ந்த சத்தம், வலப்பக்கம் போகப்போக உயர்ந்த சத்தம். கோடு மேலே இருந்தால் நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம், கீழே இறங்க இறங்கக் கேட்கவில்லை என்று அர்த்தம். அப்பாவின் கோடு 250, 500 ஹெர்ட்ஸ் இடங்களில் மேலேயே இருந்தது, கிட்டத்தட்ட என் கோட்டுக்குப் பக்கத்தில். 1000-ஐத் தாண்டியதும் சரிய ஆரம்பித்து, 4000-இல் பள்ளத்தில் கிடந்தது. வயதாகும்போது பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் போகுமாம். உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் பகுதியில் சுமார் 15,000 மெல்லிய மயிர் செல்கள் இருக்கின்றன. உயர்ந்த சத்தத்தை வாங்குகிறவை அதன் வாசல் பக்கத்தில் இருக்கின்றன, அவைதான் முதலில் சாகின்றன. மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

அதனால்தான் "காது கேட்குது, பேசுறதுதான் புரியலை" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அ, ஆ, ஓ எல்லாம் தாழ்ந்த இடத்தில் இருப்பதால் காதில் விழுந்துவிடும். ச, ஸ, த போன்றவை மேலே இருப்பதால் நழுவிவிடும். சொல்லின் உடம்பு வரும், விளிம்பு வராது. அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியது அந்த விளிம்புக்காகத்தான்.

மெஷின் வந்த பிறகு பேச்சு நிஜமாகவே தேறியது. பாட்டு இன்னும் மோசமானது. வாங்கின இடத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேறொரு ஆடியாலஜிஸ்டிடம் போனபோதுதான் அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். மெஷினைப் பேச்சுக்காகச் செய்திருக்கிறார்கள். எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரின் சத்தம் சுமார் 65 டெசிபல். மேடைக் கச்சேரி 95, 100 வரை சுலபமாகப் போகும். அவ்வளவு பெரிய சத்தம் மெஷினின் மைக்குக்குள் நுழையும்போதே நசுங்கிவிடுகிறது. உள்ளே வந்த பிறகு வால்யூமைக் குறைத்தாலும் நசுங்கினது நசுங்கினதுதான். இன்னொன்று, மெஷின் விசிலடிக்காமல் இருக்க உள்ளே ஒரு காவல் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நீளமாக, ஒரே சீராக ஒரு சத்தம் வந்தால் அதை விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். புல்லாங்குழல் என்பதே நீளமான, சீரான சத்தம்தானே? பாவம், மெஷினுக்கு அது விசிலாகத் தெரிகிறது.

அவர் இரண்டு காரியம் செய்தார். மெஷினில் இரண்டாவது ப்ரோக்ராம் ஒன்றைப் பாட்டுக்கென்று போட்டுக்கொடுத்தார். அதில் விசில் காவலும் இரைச்சலைக் குறைக்கும் வேலையும் கிடையாது. காதுக்குப் பின்னால் இருக்கும் பித்தானை அழுத்தினால் 'பீப் பீப்' என்று இரண்டு முறை அடித்துவிட்டு அதற்கு மாறும். அப்புறம், கச்சேரிக்குப் போனால் மெஷினின் மைக் துளை மேல் சாதாரண செலோடேப்பை மூன்று நான்கு அடுக்காக ஒட்டிக்கொள்ளச் சொன்னார். சுமார் பத்து டெசிபல் வாசலிலேயே குறையும், உள்ளே நசுங்காது என்றார். இவ்வளவு சின்ன வைத்தியமா என்று எனக்கு ஆச்சரியம். அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. "உள்ளே வர்றதைக் குறைச்சாதானே சரியாகும்" என்று சாதாரணமாகச் சொன்னார். அன்றே என் மேசையிலிருந்து டேப் சுருளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மன்றத்தில் மாதம் ஒருமுறை மெல்லிசை இரவு நடக்கும். பெரிய குழு கிடையாது. கீபோர்டு, கிடார், பேஸ் கிடார், தபலா, புல்லாங்குழல், பாட இரண்டு பேர். ரிதம் பேடையும் தபலாக்காரரே கையோடு பார்த்துக்கொள்வார். நூறு நாற்காலி போடுகிற ஹால், ஒரு அடி உயரத்தில் பலகை மேடை. நிகழ்ச்சி ஆறரைக்கு. நாங்கள் ஐந்தரைக்கே போய்விட்டோம். இடம் பார்த்து உட்கார வேண்டும் என்பது அப்பாவின் ஒரே நிபந்தனை.

காலியான ஹாலில் அவர்கள் சவுண்ட் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடியும் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த அடியோடு மோதியது. எனக்கே எரிச்சலாக இருந்தது, அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்! முகம் சுருங்கிவிட்டது. வந்ததே தப்போ என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. மிக்ஸரில் இருந்த பையன் எங்களைப் பார்த்து, "ஆள் உட்கார்ந்தா அடங்கிடும் சார், இப்ப சுவர்தான் பேசுது" என்றான். சரியாகத்தான் சொன்னான். உட்காருகிற மனிதர்களும் அவர்களின் துணிமணியும் உயர்ந்த சத்தத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். முக்கால் மணி நேரத்தில் ஹால் நிரம்பியபோது அதே தபலா வேறு தபலாவாகக் கேட்டது.

அப்பா நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து நடந்து பார்த்தார். நடுவில் நின்று தலையை ஆட்டினார், வேண்டாம். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே நின்றார், அதுவும் வேண்டாம். கடைசியில் முதல் வரிசையின் இடது ஓரத்தில், மேடையின் தபலா மூலைக்கு நேர் எதிரே வந்து நின்று, "இங்கே" என்றார். தபலாவிலிருந்து ஆறடிகூட இருக்காது. பேஸ் கிடாரின் ஆம்ப்ளிஃபையர் அதற்குப் பின்னால் தரையோடு தரையாக இருந்தது. இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் எங்களைத் தாண்டிப் பின்வரிசைகளைப் பார்த்து நின்றன. "இங்கே உட்கார்ந்தா வாத்தியமே நேரா பேசும், பெட்டி வழியா வர வேண்டாம்" என்றார். மன்றத்துச் செயலாளர் வந்து, ஓரத்தில் ஏன் உட்காருகிறீர்கள், நடுவில் இடம் இருக்கிறதே என்று அன்பாகக் கூப்பிட்டார். அப்பா சிரித்துக்கொண்டே காதைத் தொட்டுக் காட்டினார். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியை நகர்த்தி அப்பா கால் நீட்ட இடம் செய்துவிட்டுப் போனார்.

அந்த அரை மணி நேரம் நான் தபலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பக்கத்தில் இதற்கு முன் பார்த்ததில்லை. அவர் முன்னால் ஒன்றல்ல, ஆறு தபலாக்கள் அரைவட்டமாக இருந்தன. துணி வளையம் ஒவ்வொன்றின் அடியிலும். இடது கைக்கு மட்டும் ஒரு பெரிய டக்கா. ஏன் ஆறு என்று எனக்குப் புரியவில்லை. பாட்டுக்குப் பாட்டு ஸ்ருதி மாறும், கீபோர்டுக்காரர் ஒரு பித்தானைத் தட்டி மாறிக்கொள்வார், கிடாருக்குக் கழுத்தில் மாட்டுகிற கேப்போ இருக்கிறது, தபலாவுக்கு அந்த வசதி இல்லை, அதனால் ஒவ்வொரு கட்டைக்கும், அதாவது ஒவ்வொரு ஸ்ருதி அளவுக்கும், ஒரு தபலாவாக ஸ்ருதி சேர்த்து வைத்துக்கொள்வார்கள் என்று அப்பா சொன்னார்.

சேர்க்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். கையில் ஒரு சின்னச் சுத்தியல். வாருக்குள் செருகியிருக்கும் மரக்கட்டைகளை முதலில் தட்டி ஏற்றுகிறார். பிறகு விளிம்பின் பின்னலில் ஒரு தட்டு, ஆள்காட்டி விரலால் ஓரத்தில் ஒரு அடி. காதைக் குனிந்து வைக்கிறார். தபலாவைக் கொஞ்சம் சுற்றுகிறார். மறுபடி ஒரு தட்டு, ஒரு அடி. சுற்றிவரப் பதினாறு இடத்திலும் ஒரே மாதிரி பேச வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் லேசாக இறங்கியிருந்தால் முழுத் தபலாவும் சோம்பலாகக் கேட்கும். கீபோர்டுக்காரர் ஒரே ஒரு ஸாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தபலாக்காரர் தட்டித் தட்டி அந்த ஸாவை நெருங்கினார். இரண்டும் கொஞ்சம் விலகியிருக்கும்போது காற்றில் ஒரு அலை 'வாவ் வாவ்' என்று அசைகிறது. நெருங்க நெருங்க அது மெதுவாகி, கடைசியில் நின்றுவிடுகிறது. நின்ற அந்த நொடியில் அப்பாவின் தலை லேசாக ஆடியது. தபலாக்காரரின் தலையும் அதே நொடியில் ஆடியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்கு நல்லபடியாகப் போகும் என்று.

ஆனால் தொடக்கம் நல்லபடியாக இல்லை. முதல் பாட்டு வேகமான பாட்டு, குழு முழுவதும் சேர்ந்து ஒரே சமயத்தில் எழுந்தது. என் போனில் இருக்கும் டெசிபல் மீட்டரைப் பார்த்தேன், எங்கள் இடத்தில் 92 காட்டியது. ஸ்பீக்கருக்கு எதிரே போய்ப் பிடித்தேன், 98. (உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை நடக்கும் இடங்களுக்கென்று ஒரு வரையறை வெளியிட்டது. எந்தப் பதினைந்து நிமிடத்தை எடுத்தாலும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அப்பாவின் வரைபடத்தைப் பார்த்த நாளிலிருந்து இந்த எண் எனக்கு மனப்பாடம். ஸ்பீக்கர் பக்கம் குழந்தைகள் நின்றால் நானே போய்ப் பின்னால் அழைத்து வந்துவிடுகிறேன்.) அப்பா கண்ணை மூடிக்கொண்டு மெஷினைக் கழற்றினார். டேப்பை எடுத்து, சின்னதாகக் கிழித்து, கத்தரிக்கோல் இல்லாததால் பல்லால் கடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு ஒட்டினார். விரல் நடுங்கியதால் இரண்டாவது மெஷினுக்கு நான் ஒட்டிக்கொடுத்தேன். அரிசி மணி அளவுதான் அந்தத் துளை. டேப் அதன் மேல் சரியாக உட்கார வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன்.

மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தகர டப்பா போயிடுச்சு" என்றார்.

மூன்றாவது பாட்டில் அந்த விசில். 'கூஊஊ' என்று ஹாலையே கிழிக்கிற மாதிரி. அப்பா திடுக்கிட்டு இரண்டு கையாலும் இரண்டு மெஷினையும் பிடுங்கினார். சுற்றிலும் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சங்கடம். தன்னுடைய மெஷின்தான் இத்தனை பேர் நடுவில் கூவிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கல்யாண வீடுகளில், கூட்டங்களில் அப்படி ஆகியிருக்கிறது, ஆட்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பயந்துதான் அவர் கூட்டங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். அது எனக்கு அந்த நொடியில்தான் முழுசாகப் புரிந்தது. நான் அவர் கையைப் பிடித்து மேடையைக் காட்டினேன். பாடகர் உற்சாகத்தில் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் வந்திருந்தார். மேடை மைக் முன்பக்கத்துச் சத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பின்பக்கத்ததைத் தள்ளிவிடும்படி செய்யப்பட்டது. கம்பிவலைத் தலையைப் பொத்தினால் அந்தக் குணம் போய்விடும், நாலாபக்கமும் வாங்கிக்கொண்டு கூவ ஆரம்பித்துவிடும். மிக்ஸர் பையன் கையால் சைகை காட்டினான், பாடகர் பிடியைக் கீழே இறக்கினார், விசில் நின்றது.

"உங்க மெஷின் இல்லப்பா, அவங்க மைக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா."

அப்பா மெஷினை மறுபடி மாட்டிக்கொண்டு முதுகை நாற்காலியில் நன்றாகச் சாய்த்தார். அதுவரை விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதையே அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்தது புல்லாங்குழல் முன்னே வருகிற மெதுவான பாட்டு. நான் சைகை காட்ட, அப்பா காதுக்குப் பின்னால் அழுத்தினார். முதல் ப்ரோக்ராமில் குழல் நடுங்குகிறது, தண்ணீருக்குள்ளிருந்து ஊதுகிற மாதிரி இருக்கிறது என்றார். இரண்டாவதில் நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒரு இடத்துக்கு மேல் குழல் காணாமல் போகிறது, ஊதுகிறவரின் விரல் மட்டும் தெரிகிறது என்றார். நான் வருத்தப்பட்டேன். அவர் வருத்தப்படவில்லை. "விரலைப் பார்த்தா ஸ்வரம் தெரியுதே, மிச்சத்தை நான் போட்டுக்கறேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்ததற்கு இது இன்னொரு காரணம். பாடுகிறவர் வாய், குழலில் ஓடும் விரல், அடிக்கப்போகிற கை எல்லாம் ஆறடியில் தெரிகின்றன. சத்தம் நழுவுகிற இடத்தில் கண் பிடித்துக்கொள்கிறது.

மன்றத்து உறுப்பினர்கள் பாடுகிற நேரம் நடுவில் வரும். அன்றைக்கு மூன்று பேர் பாடினார்கள். இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நன்றாகப் பாடினார்கள். மூன்றாவதாக வந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கீபோர்டுக்காரர் பெண் குரல் என்று வழக்கம்போல ஐந்து கட்டையில் ஆரம்பித்தார். பல்லவி போய்விட்டது. சரணத்தில் மேலே போகிற இடத்தில் குரல் எட்டவில்லை. அவர் பாட்டை நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டே மைக்கை வைக்கப் போனார். கீபோர்டுக்காரர் விடவில்லை.

"அம்மா, இருங்க. இறக்கிக்கலாம். நாலு வெச்சுப் பாப்போமா?"

"நாலும் அதிகம்பா. மூணு ரொம்பக் கீழே போயிடும். நடுவுல ஏதாவது இருந்தா…"

அப்பா என் காதருகே, "நடுவுல ஒண்ணும் கிடையாதும்மா" என்றார். எனக்கு அது தெரியாது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒன்றரைக் கட்டை உண்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இரண்டரை உண்டு, கறுப்புக் கட்டைகள். மூன்றும் நான்கும் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவே கறுப்பு இல்லை. மூன்றரை என்று ஒரு கட்டையே கிடையாது. இருபது வருடம் வீட்டில் ஆர்மோனியத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை.

அந்த அம்மா யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா என் முழங்கையைத் தொட்டுத் தபலாவைக் காட்டினார். தபலாக்காரர் பேசாமல் முன்னால் இருந்ததைத் தள்ளிவிட்டு வலப்பக்கக் கடைசித் தபலாவை இழுத்து வைத்துக்கொண்டார். "மூணு எடுத்துட்டார் பாரு" என்றார் அப்பா. கீபோர்டுக்காரர் அதைப் பார்த்தார், தலையசைத்தார், பித்தானைத் தட்டினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கிய அதே பாட்டு, அந்தக் குரலுக்கென்றே போட்ட மெட்டு மாதிரி மறுபடி தொடங்கியது. மேலே போகிற இடம் வந்தபோது அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டு வந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்பா கைதட்டவில்லை. இரண்டு கையையும் நாற்காலியின் கையில் பதித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இடைவேளையில் தபலாக்காரரே இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். "சார், நீங்க வாசிப்பீங்களா? நான் எடுக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுது" என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆர்மோனியக் கதை, பழைய மன்றத்துக் கதை எல்லாம் வந்தது. அப்புறம் அவருக்குள் இருந்த வாத்தியார் வெளியே வந்தார்.

"தம்பி, தபலா நடுவுல அந்தக் கறுப்பு வட்டம் இருக்கே, அதைப் பத்தி சி. வி. ராமன் எழுதியிருக்கார் தெரியுமா? 1920-லயே. நோபல் வாங்கினதுக்குப் பத்து வருஷம் முன்னாடி."

சாதாரணத் தோல் வாத்தியத்தை அடித்தால் மூல சுரத்தோடு சேர்ந்து எழும் மற்றச் சுரங்கள், அதாவது உபசுரங்கள், ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கும், அதனால்தான் பறை மாதிரியான வாத்தியங்களில் தாளம் கேட்கும், ஸ்வரம் நிற்காது. தபலாவிலும் மிருதங்கத்திலும் நடுவில் பசையும் இரும்புப் பொடியும் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றியிருக்கிற கனம் அந்த உபசுரங்களை இழுத்து, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்களில் உட்கார வைக்கிறது. தந்தியிலும் குழலிலும் இருக்கிற ஒழுங்கு தோலிலும் வந்துவிடுகிறது. ராமன் காட்டியது அதைத்தான். அப்பா இதைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். பாடம் நடத்தி எத்தனை வருடம் ஆகிவிட்டது! குரல்கூட மாறியிருந்தது.

தபலாக்காரர் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்குக் கணக்கு தெரியாது சார். அந்தக் கறுப்புல ஒரு ஓரம் உதிர்ந்தாலும் தபலா செத்துப்போச்சுன்னு மட்டும் தெரியும்." பிறகு அப்பாவின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய், ஒரு தபலாவின் மேல் அந்த விரல்களை வைத்தார். வட்டத்தின் மேல் நுண்ணிய வெடிப்புகள், காய்ந்த குளத்துத் தரை மாதிரி. அவை இருக்க வேண்டியவைதான், இல்லாவிட்டால் விறைத்துப்போய்ப் பேசாது என்றார். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். டக்காவை அவரே ஒருமுறை அடித்தார். 'தூம்' என்று அது பலகைக்குள் இறங்கியது.

இரண்டாவது பாதியைப் பற்றி நிறைய எழுத என்னிடம் இல்லை, ஏனென்றால் நான் பாட்டைவிட அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் கால் பாட்டோடு போகவில்லை, பேஸ் கிடாரோடு போய்க்கொண்டிருந்தது. நான் பாடகியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் அந்த நாலு தந்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வரைபடத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். பேஸ் கிடாரின் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அங்கிருந்து நடுக்குரல் வரைக்கும் அப்பாவின் காது சேதமாகவே இல்லை. மெஷினின் முனையில் இருக்கும் ரப்பர் குமிழில் ஓட்டைகள் உண்டு. தாழ்ந்த சத்தம் மெஷினைத் தொடாமலேயே அதன் வழியாக உள்ளே போகும். ஆக, அவருக்கு நன்றாகக் கேட்கிற பாதி பாட்டின் அடிப்பாதி. எங்கள் வீட்டுத் தட்டை டிவியும் என் போனும் கொடுக்காதது அதே அடிப்பாதிதான். விரல் அளவு ஸ்பீக்கரிலிருந்து அது வரவே வராது. மூன்று வருடமாக அவருக்குக் கேட்காததை மட்டும் நாங்கள் அவருக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தோம். டிவியில் வால்யூமை ஏற்றிவிட்டு "இப்ப கேட்குதாப்பா?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "கடைசிப் பாட்டுல பேஸ் வாசிச்ச பையன் ஒரு தப்பு பண்ணான். முதல் சரணத்துல முடிக்கிறப்போ கீழ் ஸாவுக்கு இறங்கினான். ரெண்டாவது சரணத்துல 'பா' ஸ்வரத்துலயே நின்னுட்டான்."

"நின்னா என்னப்பா?"

"பாட்டு வீட்டுக்கு வரலையே."

எனக்கு இரண்டு சரணமும் ஒரே மாதிரிதான் கேட்டது. பேஸ் என்று ஒன்று வாசித்ததே சரியாக நினைவில்லை. அவனுக்கு அது தப்பாகத் தெரிந்திருக்காது, வேண்டுமென்றே அப்படி வாசித்திருப்பான் என்றேன். வேண்டுமென்றே செய்திருந்தால் அடுத்த வரியில் இறங்கியிருப்பான் என்றார். வீடு வந்து சேரும் வரை இந்தப் பேச்சுதான். எங்களுக்குள் பாட்டைப் பற்றி வாக்குவாதம் நடந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் எனக்கு ஞாபகம் வந்தது, கடைசிப் பாட்டைப் போனில் பதிவு செய்திருந்தேன். சரி, பார்த்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போய் அவர் காதருகே பிடித்தேன். பாடகி குரல் வந்தது. குழல் வந்தது. கைதட்டல் வந்தது. அப்பா முழுசும் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல அந்தப் பையனே இல்லையேம்மா."

நான் இயர்போன் போட்டுக் கேட்டேன். முதல் சரணம் முடிகிற இடத்தில், தேடினால் கிடைக்கிற அளவுக்கு, பேஸ் கீழே இறங்குவது தெரிந்தது. இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் பின்வரிசையில் யாரோ தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குள் அது மூழ்கிவிட்டது. மூன்று முறை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சொன்னேன்.

"பரவாயில்லை, அடுத்த மாசம் அவனையே கேட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா மேசையில் கிடந்த டேப் சுருளை எடுத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.